அன்னூர் பஸ்ஸில் ஐம்பது நிமிடம்

ஜனவரி 5, திங்கள்

பனி. ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டு மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியைக் காணோம். பல் துலக்கிவிட்டு வந்து பார்த்தபோது பாதித் தொட்டி திரும்பி வந்திருந்தது.

அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளி. ‘பன்னிரண்டாம் வகுப்புக்கு இனி லீவு என்ற சொல்லே கிடையாது’ என்று அசெம்பிளியில் சொன்னார்கள். பின்வரிசையில் யாரோ பெரிதாக இருமினார்கள்.

பள்ளி கொடுத்த டைம்டேபிள்:
8 – 9 ஸ்பெஷல் கிளாஸ்
9.15 – 4.10 வழக்கமான வகுப்பு
4.20 – 5.20 தினமும் ஒரு டெஸ்ட்
சனி மதியம் ஒரு மணி வரை

என் டைம்டேபிள்:
4.45 எழுவது. அம்மாவுக்கு ஸ்பின்னிங் மில்லில் ஏ ஷிப்ட். 5.15க்கு மில் வேன் ஹாரன்.
அதன் பிறகு சாதம், குழம்பு, அப்பாவுக்கும் எனக்கும் டிபன் பாக்ஸ், வாசல் தெளிப்பது.
6.50 அன்னூர் பஸ் ஸ்டாண்ட். 7.40 கோவை கணபதியில் பள்ளி.
மாலை 6.40 வீடு. பாத்திரம், துணி, ஹோம்வொர்க், ரெக்கார்ட் நோட்டு.
9.30க்குக் கண் தானாக மூடிக்கொள்ளும்.

இதில் நு.தே.வுக்கு எங்கே இடம்? (நு.தே. என்றால் நுழைவுத் தேர்வு. யாராவது நோட்டைப் புரட்டினாலும் புரியக் கூடாது.) கட்டடக்கலை படிக்கத் தனியாக ஒரு தேர்வு. படம் வரைய வேண்டும், வடிவங்களை மனதிலேயே திருப்பிப் பார்க்க வேண்டும். ஏப்ரலில். வீட்டில் தெரியாது. அப்பா கட்டட மேஸ்திரி. என்னை சிவில் இன்ஜினியரிங் சேர்ப்பதாக எப்போதோ முடிவு செய்துவிட்டார். அதற்கு ப்ளஸ் டூ மார்க் போதும், வேறு தேர்வு வேண்டாம்.

கண்டுபிடித்த இடம்: காலை பஸ். ஐம்பது நிமிடம். மாலையில் நிற்கத்தான் இடம் கிடைக்கும், காலையில் உட்காரலாம்.

ஜனவரி 8, வியாழன்

ஓடும் பஸ்ஸில் நேர்கோடு வராது. மூன்று நாள் முயன்று கற்றது இது.

பஸ் நிற்கும்போது கோடு, ஓடும்போது யோசனை. கோவில்பாளையத்தில் மூன்று நிமிடம் நிற்கும். அங்கே ஒரு மருந்துக்கடை, மேலே சுழல்படி. மூன்று நாளாக அதே படியை வரைகிறேன். இன்று ஏழாவது படி வரை வந்தேன், டிரைவர் ஏறிவிட்டார்.

பக்கத்து சீட்டில் ஷர்மிளா. என் வகுப்பு, என் ஊர். டாக்டருக்குப் படிக்கப் போகிறாள். விரலிடுக்கில் ஃப்ளாஷ் கார்டு வைத்துக்கொண்டு உதடு அசையாமல் படிப்பாள்.

“ஏண்டி நிவே, அரை மணி நேரமா சன்னல பாத்துட்டே இருக்கறயே. இது படிப்பா?”

படிப்புத்தான் என்றேன். வெளியே ஒரு பாதி கட்டிய வீடு போனது. கம்பிகள் மேலே நீட்டிக்கொண்டு, பனிக்குள். அந்த வீட்டின் மாடியில் யாருக்கு எந்த ஜன்னல் என்று பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். கிழக்கு ஜன்னல் படிக்கிற பெண்ணுக்கு. மேற்கு ஜன்னல் ஷிப்ட் முடிந்து வந்து பகலில் தூங்குகிறவளுக்கு வேண்டாம், வெயில் அடிக்கும். வடக்கு.

கணபதி வந்ததே தெரியவில்லை. ஷர்மிளாதான் பையைப் பிடித்து இழுத்தாள்.

ஜனவரி 9, வெள்ளி

கணக்கு டெஸ்ட் பேப்பர் வந்தது. 71. ஓரத்தில் நான் கிறுக்கியிருந்த சுழல்படியைச் சுற்றி சிவப்பு மையில் வட்டம். பக்கத்தில் ‘?’.

க. மிஸ் (கணக்கு மிஸ், எங்கள் வகுப்பு ஆசிரியையும் அவர்தான்) ஸ்டாஃப் ரூமுக்குக் கூப்பிட்டார்.

“படம் நல்லாத்தான் இருக்குது. ஆனா இந்த நேரத்துல ஒரு சம் போட்டிருக்கலாமில்ல கண்ணு? அஞ்சு மார்க் ஒண்ண தொடவே இல்லியே நீயி.”

நு.தே. பற்றிச் சொன்னேன். முதன்முதலாக ஒருவரிடம் வாய்விட்டு. 

மிஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ரெண்டு தோணியில காலு வெக்கற. போர்டுல மார்க் கொறஞ்சா அதுவும் போச்சு, இதுவும் போச்சு. ரெண்டாவது ரிவிஷன்ல எண்பது எடுத்துட்டு வா. பொறவு பேசலாம். இதுல அப்பா கையெழுத்து வாங்கீட்டு வா.”

அப்பா கையெழுத்துப் போட்டார். மார்க்கைப் பார்த்தார், படியைப் பார்க்கவில்லை.

பேனா மூடி தொலைந்தது.

ஜனவரி 13, செவ்வாய்

நாளை காப்புக்கட்டு. பொங்கலுக்கு ஐந்து நாள் லீவு. லீவு என்ற சொல்லே கிடையாது என்றவர்கள் நோம்பிக்கு மட்டும் விட்டுக்கொடுத்துவிட்டார்கள்.

லீவுத் திட்டம்: காலை மூன்று மணி நேரம் கணக்கு. மதியம் இரண்டு மணி நேரம் படம். மாலை இயற்பியல். பழைய நு.தே. கேள்விகள் நாற்பது. நினைக்கவே இனிக்கிறது. அட்டவணைக்கு மூன்று கலரில் பார்டர் போட்டேன். அதற்கே ஒரு மணி நேரம்.

ஜனவரி 17, சனி

லீவில் நடந்தது: வீடு ஒட்டடை. வெள்ளையடிப்பு (அப்பா மேஸ்திரி, எங்கள் வீட்டுச் சுவருக்குத்தான் எப்போதும் ஆள் கிடைக்காது). காப்புக்கட்ட வேப்பிலை, பூளைப்பூ, ஆவாரம்பூ தேடி அலைந்தது. மேட்டுப்பாளையத்திலிருந்து மாமா வீட்டார் ஏழு பேர். அவர்களுக்கு மூன்று வேளை. மாட்டுப்பொங்கலுக்கு மாடே இல்லாத எங்கள் வீட்டிலிருந்து மாமாவின் தோட்டத்துக்கு. இன்று பூப்பறிக்கிற நோம்பி, தெருப் பெண்களோடு.

படித்தது: கணக்கு இரண்டு மணி நேரம். நு.தே. பூஜ்யம்.

ஆனால் இன்று மாலை பெண்களெல்லாம் கும்மி தட்டினபோது நான் வட்டத்துக்கு வெளியே வந்து பார்த்தேன். மேலிருந்து பார்த்தால் எப்படி இருக்கும்? பாவாடைகள் பூவாக விரிந்து சுருங்கி. ஒரு கட்டடம் அப்படி இருக்க முடியுமா? நடுவில் திறந்த முற்றம், சுற்றி அறைகள், ஒவ்வொரு அறையும் ஒரு அடி பக்கத்துக்கு நகர்ந்து...

“நிவேதா, கனாக் கண்டது போதும். தட்டத்தப் புடி,” என்றாள் அம்மா.

ஜனவரி 24, சனி

இதை எழுதக் கை வரவில்லை. இருந்தாலும் வரிசையாக எழுதுகிறேன்.

ஒரு மணிக்குப் பள்ளி விட்டது. ஷர்மிளா கோச்சிங் கிளாஸுக்குப் போய்விட்டாள். 1.20க்கு அன்னூர் வழியாகப் போகும் சத்தி பஸ். ஜன்னலோரம். நல்ல வெயில், மடியில் பை. ஒரு நு.தே. கேள்வி மனதில்: விரித்து வைத்த அட்டை, மடித்தால் எந்தப் பெட்டி? மடித்துக்கொண்டே வந்தேன். பெட்டிக்குள் ஒரு படிக்கட்டு முளைத்தது. அதில் ஏறிப் போனேன். மேலே போகப் போக வெளிச்சம்.

கண் திறந்தால் எதிரே மலை. நீலமாக, கிட்டத்தில். அன்னூரில் மலை இவ்வளவு பக்கத்தில் இருக்காது.

கண்டக்டர் வந்தார். “ஏனுங்க அம்மணி, அன்னூருக்கு டிக்கெட் எடுத்துப்போட்டு சத்தியமங்கலத்துல உக்காந்திருக்கீங்க?”

பதறி எழுந்து, பவானி ஆற்றுப் பாலத்துக்குப் பக்கத்து நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டேன். மணி மூன்று பத்து. என்னிடம் போன் கிடையாது. நிறுத்தத்தில் மல்லிகை கட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடம் கேட்டேன். “பேசு கண்ணு, பேசு,” என்று இடுப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

அப்பாவிடம், “தூங்கிப்போட்டேனுங்கப்பா, சத்தியில இருக்கறேன்,” என்றேன். 

“அங்கயே இரு. வாரேன்.”

பூக்கார அம்மா என்னை எங்கும் போகவிடவில்லை. “எங்கண்ணு முன்னாலயே உக்காரு.” உட்கார்ந்தேன். எதிரே பவானி, மேலே பாலம். என்ன செய்வது? நோட்டை எடுத்தேன்.

ஒன்றரை மணி நேரம். யாரும் கூப்பிடவில்லை. பஸ் குலுங்கவில்லை. டெஸ்ட் இல்லை. தூண்கள், தூண்களின் நிழல், நிழல் தண்ணீரில் உடைவது. தூண் ஒன்றாய் நிற்கிறது, அதன் பிம்பம் நூறாய் நடுங்குகிறது. பென்சில் தானாக ஓடியது. இந்த ஜனவரியில் எனக்குக் கிடைத்த முதல் முழு நேரம். பயத்தின் நடுவில் அப்படி ஒரு சந்தோஷம். எழுதவே வெட்கமாக இருக்கிறது.

அப்பா வந்தார். சட்டையெல்லாம் சிமெண்ட். வண்டியை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கவில்லை. முதலில் சுற்றுமுற்றும் பார்த்தார். ஆற்றங்கரை, டீக்கடை, பஸ் நிறுத்தம். யாரைத் தேடுகிறார் என்று புரிய எனக்கு ஒரு நிமிடம் பிடித்தது.

“ஆரு கூட வந்தே?”

“ஆரும் இல்லீங்கப்பா. தூங்கிப்போட்டேன்.”

“அன்னூர்ல எறங்கறதுக்கு ரெண்டு வருசமா தெரிஞ்ச புள்ள, இன்னைக்குத் தூங்கிப்போட்டயா?”

பூக்கார அம்மா எழுந்தே விட்டார். “ஏனுங்க, புள்ள எறங்குன நேரத்துலருந்து நா பாத்துட்டுத்தான் இருக்கறேன். தனியாத்தான் வந்துது. தலையத் தூக்காம படம் வரஞ்சுட்டு இருந்துது. வேணும்னா நோட்ட வாங்கிப் பாருங்க.”

அப்பா நோட்டை வாங்கவில்லை. அப்போது சொல்லிவிட்டேன். நு.தே., கட்டடக்கலை, ஐந்து வருடம், ஏப்ரல், எல்லாம். ரோட்டோரம் நின்றுகொண்டு.

“அஞ்சு வருசம் படிச்சு? கார்ல வந்து எறங்கி, நாங்க கட்டுன செவுத்தப் பாத்து, இடிச்சுக் கட்டுன்னு சொல்றதுக்கா?”

வண்டியை எடுத்தார். புளியம்பட்டியில் டீ வாங்கிக் கொடுத்தார். எனக்கு மட்டும்.

ஜனவரி 25, ஞாயிறு

அம்மா அழுதாள். “ஊரு என்ன பேசும்? நாலு பேரு பாத்திருந்தா?” யாரும் பார்க்கவில்லை, பார்த்தாலும் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை என்றேன். அது சரியான பதில் இல்லை போலிருக்கிறது. இன்னும் அழுதாள்.

அப்பாவின் முடிவு: நாளை குடியரசு தின லீவு, நாளை மறுநாள் முதல் பஸ் கிடையாது. காலையில் அவரே வண்டியில் கொண்டுபோய் விடுவார். சரவணம்பட்டியில் புது சைட் எடுத்திருக்கிறார், வழியில்தான். மாலையில் ஷர்மிளாவின் அப்பா கார்.

அதோடு ஐம்பது நிமிடமும் போனது.

ஜனவரி 28, புதன்

வண்டியின் பின்னால் உட்கார்ந்து எதையும் வரைய முடியாது. ஒரு கையில் பை, ஒரு கையில் கம்பி. குளிரில் கண்ணீர் வருகிறது. அப்பாவின் முதுகு, அதற்கு இரண்டு பக்கமும் கொஞ்சம் உலகம்.

சைட்டில் கால் மணி நேரம் நிற்கிறோம். அன்றைய வேலையை ஆட்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டுத்தான் அப்பா என்னைப் பள்ளிக்குக் கொண்டுபோவார். நேற்று சும்மா நின்றேன். இன்று மணல் குவியலில் உட்கார்ந்து, பாலம் வரைந்த அதே நோட்டில், ஓரக்கண்ணால் அப்பாவைப் பார்த்துக்கொண்டே வரைந்தேன். பாதிச் சுவர். கதவு இல்லாத வாசல். வாசல் வழியாகத் தெரியும் இன்னொரு வாசல். கூரை இல்லாததால் எல்லா அறைக்கும் ஒரே வானம். முடித்த வீட்டைவிட இது அழகு. அப்பாவிடம் சொன்னால் அடிப்பார்.

பதினைந்து நிமிடம். ஆடாத தரை. நேர்கோடு நேராக வருகிறது!

பிப்ரவரி 4, புதன்

சைட்டில் செங்கல் சுமக்கும் சரசக்கா பின்னால் வந்து நின்றதைக் கவனிக்கவில்லை.

“இது நானா?”

“ஆமாங்க்கா.”

“கூடைய இப்பிடியா புடிப்பேன்? கைய இன்னுஞ் சித்த தூக்கு. ம்... இடுப்பு இத்தன பெருசாவா இருக்குது?” என்று சொல்லிவிட்டு, அப்பாவைப் பார்த்துக் கத்தியே விட்டார்: “மேஸ்திரிங்க, உங்க புள்ள என்னைய வரஞ்சு போட்டுருக்குதுங்க! வந்து பாருங்க!”

உயிர் போனது. அப்பா வந்தார். மட்டப்பலகையைக் கீழே வைத்துவிட்டு, கையை லுங்கியில் துடைத்துவிட்டு, நோட்டை வாங்கினார். ஒவ்வொரு பக்கமாகப் பின்னோக்கிப் புரட்டினார். வாசல். சுவர். பவானிப் பாலம் வந்த பக்கத்தில் நிறுத்தினார். நெடுநேரம்.

“இது அன்னைக்கு வரஞ்சதா?”

“ஆமாங்கப்பா.”

நோட்டைத் திருப்பிக் கொடுத்தார். “நேரமாச்சு. வண்டியில ஏறு.” அவ்வளவுதான்.

மதியம் சாம்பார் பையில் கொட்டிவிட்டது. வேதியியல் புத்தகம் முழுக்க சாம்பார் வாசனை.

பிப்ரவரி 6, வெள்ளி

இன்று 6.50க்கு அல்ல, 6.30க்கே அப்பா வண்டியை எடுத்தார்.  சைட்டில் முப்பத்தைந்து நிமிடம்.

ஆட்களெல்லாம் வரவே இல்லை அப்போது. அப்பா தனியாக, நனைத்த சுவரைத் தட்டிப் பார்த்துக்கொண்டு, அங்கும் இங்கும் நடந்துகொண்டிருந்தார். அவருக்கு அங்கே வேலை ஒன்றும் இல்லை.

வீடு பனிக்குள் மிதந்தது. வரைந்தேன்.

பிப்ரவரி 9, திங்கள்

அம்மா மில்லில் கேட்டு பி ஷிப்ட் வாங்கிவிட்டாள். மதியம் இரண்டு மணிக்குப் போய் இரவு பத்துக்கு மேல்தான் வருவாள்.

“காத்தால அடுப்ப நா பாத்துக்கறேன் அம்மணி. நீ அஞ்சு மணிக்கு எந்திரிச்சு கணக்குப் போடு,” என்றாள். சத்தி விஷயத்துக்குப் பிறகு என்னோடு நேராகப் பேசிய முதல் வாக்கியம்.

ஒரு மணி நேரம் புதிதாகக் கிடைத்தது. அதற்குப் பதிலாக, மாலையில் வீட்டுக்கு வந்தால் அம்மா இல்லை. காயப்போட்ட அவள் சேலை மட்டும் கொடியில். ஒருவருக்கு நேரம் கொடுக்க இன்னொருவர் எங்கிருந்தோ எடுக்க வேண்டியிருக்கிறது. முதல் நாளே கணக்கில் மனம் நிற்கவில்லை. சமையலறையில் தட்டு வைக்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். நன்றாக இருந்தது.

பிப்ரவரி 12, வியாழன்

இரண்டாவது ரிவிஷன் கணக்கு: 84!!

பேப்பரை நீட்டியபோது க. மிஸ் சிரிக்கவில்லை, ஆனால் புருவம் ஏறியது. “சொன்னா சொன்னதுதான். மத்தியானம் கம்ப்யூட்டர் லேபுக்கு வா. அந்த ஃபாரத்தப் போட்டரலாம். கடைசி நேரம் வரைக்கும் வெக்கக் கூடாது.”

லேபில் நாங்கள் இருவர் மட்டும். ஏசி சத்தம். பெயர், பிறந்த தேதி, பள்ளி. போன் நம்பர் என்ற கட்டத்தில் கை நின்றது. எங்கள் வீட்டில் ஒரே நம்பர், அப்பாவுடையது. போட்டேன். ‘நம்பருக்கு ஓ.டி.பி. அனுப்பப்பட்டது. பத்து நிமிடத்துக்குள் இடவும்.’

மிஸ்ஸின் போனில் அழைத்தேன். சைட்டில் கான்கிரீட் மிக்சர் ஓடும் சத்தம்.

“அப்பா, நாந்தானுங்க. உங்க போனுக்கு ஆறு நம்பர் ஒண்ணு வந்திருக்குதுங்களா?”

“இரு... கண்ணாடி போட்டுக்கறேன்... ஆமா, வந்திருக்குது. என்ன இது?”

சொன்னேன். இந்த நு.தே. ஃபாரம், இப்போது போடவேண்டும், பத்து நிமிடம்தான். வேண்டாம் என்றால் வேண்டாம் என்றும் சொன்னேன். அதை ஏன் சொன்னேனோ.

மிக்சர் சுற்றிக்கொண்டே இருந்தது. திரையில் ஏழு நிமிடம், ஆறு நிமிடம் என்று குறைந்தது. மிஸ் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

“கண்ணு.”

“சொல்லுங்கப்பா.”

“இத ஆருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு போட்டிருக்குதே. உங்கிட்டச் சொல்லலாமா?”

எனக்குச் சிரிப்பு வந்தது.  “சொல்லலாமுங்கப்பா.”

“எழுதிக்க.” ஒவ்வொரு எண்ணாக, செங்கல் எடுத்துக் கொடுப்பதுபோல் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். கடைசி எண்ணுக்குப் பிறகு, “ஒண்ணு மட்டும். படிச்சு வந்து கார்லயே உக்காந்துட்டு இருக்கக் கூடாது. எறங்கி வெயில்ல நிக்கோணும்.”

“நிப்பேனுங்கப்பா.”

வைத்துவிட்டார். மிஸ், “சப்மிட் குடு, நேரம் போகுது,” என்றார்.

பிப்ரவரி 20, வெள்ளி

பிராக்டிகல் முடிந்தது. இயற்பியலில் ஊசல். ஆட்டிவிட்டு எண்ண வேண்டும். பன்னிரண்டில் எண்ணிக்கையை விட்டுவிட்டேன். ஊசலின் நிழல் மேசையில் வரைந்த வளைவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியிலிருந்து வந்த தேர்வாளர், “என்ன பாக்கறே?” என்றார். “ஒண்ணுமில்லீங்க சார்.” மறுபடி முதலிலிருந்து.

ஷர்மிளா இரண்டு நாளாகச் சரியாகப் பேசவில்லை. இன்று காரில் திடீரென்று சொன்னாள்: “எனக்குத் தூக்கத்துலயும் கேள்வி வருதுடி. நீ எப்பிடி சும்மா வெளிய பாக்கறே? எனக்குச் சொல்லிக் குடு.” சொல்லிக் கொடுக்க என்ன இருக்கிறது? அந்தப் பக்கம் ஒரு தென்னந்தோப்பு போனது. “அதப் பாரு,” என்றேன். பார்த்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். சரவணம்பட்டி முதல் அன்னூர் வரை என் தோளில் தூங்கினாள்.

மார்ச் 17, செவ்வாய்

வெயில் கொளுத்துகிறது. கணக்குப் பரீட்சை முடிந்தது. ஐந்து மார்க் கேள்வி எல்லாவற்றையும் தொட்டேன். ஒன்று தப்பு என்று வெளியே வந்த பிறகு தெரிந்தது. பரவாயில்லை. பரவாயில்லை என்று எழுதுவதே புதிதாக இருக்கிறது.

இந்த இரண்டு வாரம் நு.தே. பக்கமே போகவில்லை. பென்சில்கள் டப்பாவில். கை அரிக்கிறது. நேற்று முகம் கழுவும்போது ஈரக் கையால் குளியலறைச் சுவரில் ஒரு வளைவு வரைந்தேன். காய்வதற்குள் அதற்கு மாடி கட்டினேன். போய்விட்டது.

ஏப்ரல் 18, சனி

நு.தே. நாள். கோவையில் ஒரு கல்லூரி. அப்பா வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். சைட்டுக்கு லீவு. இந்த வருடத்தில் அவர் எடுத்த முதல் லீவு.

கேட்டில், “கண்ணு, நிதானமா எழுது,” என்றார்.  தலையாட்டிவிட்டு உள்ளே போனேன்.

முதல் கேள்வி: மழை பெய்யும் ஒரு சந்தை, உயரத்திலிருந்து பார்ப்பதுபோல் வரைக.

அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பக்கத்துப் பெண் ஸ்கேலை எடுத்துக் கோடு போட ஆரம்பித்துவிட்டாள். என் தாள் வெள்ளை. ஜன்னலுக்கு வெளியே ஒரு வேப்பமரம், அசையாமல். ஐந்து நிமிடம், ஆறு நிமிடம். எதையும் தேடாமல் பார்த்துக்கொண்டே இருந்தேன். மெல்ல மரத்துக்குக் கீழே தார்ப்பாய்கள் விரிந்தன. ஒன்றில் தண்ணீர் தேங்கித் தொங்கியது. ஒருத்தி குச்சியால் அதைக் குத்தி வடியவிட்டாள். தக்காளிக் கூடைக்குக் குடை பிடித்துவிட்டு ஒருவர் தான் நனைந்தார். எல்லாம் வந்தபிறகுதான் பென்சிலை எடுத்தேன்.

மணி அடித்தபோது ஒரு மூலை மட்டும் மிச்சம். மழை அங்கே பெய்யவில்லை.

மதியம் வடிவக் கேள்விகள். பெட்டிகள் மடிந்தன, சில மடியவில்லை.

வெளியே வந்தால் மரநிழலில் முப்பது நாற்பது அப்பாக்கள். என் அப்பா மட்டும் வெயிலில், அந்தக் கல்லூரிக் கட்டடத்தின் வளைந்த சுவரைக் கையால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். “இத எப்பிடிப் பலக வளச்சு சென்ட்ரிங் அடிச்சிருப்பாங்கன்னு பாக்கறேன்,” என்றார். பரீட்சை எப்படி என்று கேட்க மறந்தே போனார். வண்டி கோவில்பாளையம் தாண்டும்போதுதான் ஞாபகம் வந்தது அவருக்கு.

மே 6, புதன்

ரிசல்ட் வந்துவிட்டது. தேறிவிட்டேன்.

பன்னிரண்டரை மணிக்கு ஷர்மிளா வீட்டுக் கம்ப்யூட்டரில் பார்த்தோம். படத்தில் நல்ல மார்க், வடிவத்தில் சுமார். கவுன்சலிங்குக்குப் போகலாம். ஷர்மிளா கத்தினாள். அவளுக்கு இன்னும் ரிசல்ட் வரவில்லை, இருந்தும் அப்படிக் கத்தினாள். வீட்டுக்கு ஓடி வந்தால் அம்மா மில்லுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். சொன்னதும் என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். பஞ்சு வாசனை. “அப்பாகிட்ட நேர்ல சொல்லு. போன்ல வேண்டாம்,” என்றாள். வேன் ஹாரன் அடித்தும் போகாமல் நின்றாள்.

பஸ் ஏறி சரவணம்பட்டி வந்தேன். தனியாக. யாரும் தடுக்கவில்லை.

சைட்டில் மேல்தளத்துக்குக் கான்கிரீட். மிக்சர் காதைப் பிளக்கிறது. கலவைச் சட்டி கைமாறிக் கைமாறி மேலே போகிறது. அப்பா உச்சியில். “அப்பா!” என்றேன். கேட்கவில்லை. சரசக்கா பார்த்துவிட்டுக் கை காட்டினார். அப்பா திரும்பினார். கட்டைவிரலைத் தூக்கிக் காட்டலாம் என்று கையை எடுத்து, இறக்கிவிட்டேன். வாயால் சொல்ல வேண்டும்.

“சித்த இரு கண்ணு! பாதியில நிறுத்துனா ஒட்டுப் போட்ட எடத்துல ஒழுகும்!” என்று கத்தினார்.

அதனால் மணல் குவியலில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். படிக்க எதுவும் இல்லை, எழுத எந்த டெஸ்டும் இல்லை. ஒரு முழு மதியம். என்ன செய்வதென்றே தெரியவில்லை. காலை மணலுக்குள் புதைத்து வைத்திருக்கிறேன், உள்ளே குளிர்ச்சி. மேலே வானம் வெள்ளை வெளேரென்று. சட்டிகள் அதற்குள் போய்ப் போய்க் காலியாகத் திரும்பி வருகின்றன. இந்த வீட்டில் குடிவரப்போகிறவர்கள் யாரென்று தெரியாது. வடக்குப் பக்கம் ஒரு ஜன்னல் இன்னும் கொஞ்சம் பெரிதாக இருந்திருக்கலாம்.

மிக்சர் நின்றுவிட்டது. காது ஙொய் என்கிறது. அப்பா ஏணியில் இறங்குகிறார். டிரம்மில் கை கழுவுகிறார், முழங்கை வரை. முகம் கழுவுகிறார். துண்டைத் தேடுகிறார். இந்தப் பக்கம்தான் வருகிறார். நோட்டை மூடுகிறேன்.